கழுத்தில் ஃப்யூஷன் ஆபரேஷன்: செய்துகொள்வதா, பொறுத்துப் பார்ப்பதா, வேறு வழியா?

"சி5-சி6 டிஸ்க் பிதுக்கம், நரம்பில் அழுத்தம்" என்று எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எழுதியிருக்கிறது. கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். பிளேட் வைத்து எலும்பை இணைத்துவிடலாம், அதாவது ஃப்யூஷன் செய்யலாம் என்கிறார் ஒரு மருத்துவர். இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த அறிக்கையைச் சற்றுத் தள்ளிவைப்பது. ஜப்பானில் கழுத்துத் தொல்லை ஏதும் இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு அப்படி. ஸ்கேனில் தெரியும் பிதுக்கம் நோயா, வெறும் தேய்மானமா என்பதைக் கையும் காலும்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது விஷயம், ஃப்யூஷன் என்ற பெயராலேயே மறைந்துபோவது. குணம் தருவது எலும்பை இணைப்பதால் அல்ல, நசுங்கிய நரம்பை விடுவிப்பதால். கழுத்தின் முன்பக்கமாகப் போய் டிஸ்க்கை முழுதாக எடுத்தால் அங்கே இடைவெளி விழும். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் கேஜ் என்ற சிறு கூடு, எலும்புத் துணுக்கு, பிளேட், ஸ்க்ரூ எல்லாம். விடுவிப்புதான் சிகிச்சை, இணைப்பு அதற்குக் கொடுக்கும் விலை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. நரம்பை இப்போதே விடுவித்தாக வேண்டுமா? ஆமென்றால், இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

நசுங்குவது எது?

கழுத்தில் ஏழு எலும்புகள், பக்கத்துக்கு எட்டு நரம்பு வேர்கள், நடுவே தண்டுவடம். வேர் நசுங்கினால் ஒரு கதை, தண்டுவடம் நசுங்கினால் வேறு கதை. இரண்டும் இல்லாமல் கழுத்து மட்டும் வலித்தால் மூன்றாவது கதை.

வேர் நசுங்கினால் வலி கழுத்திலிருந்தோ தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பிலிருந்தோ கிளம்பிக் கையில் இறங்கும். பெரும்பாலும் ஒரு கையில்தான். சி5-சி6 டிஸ்க் அழுத்துவது ஆறாவது வேரை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகும், முழங்கையை மடக்கும் பலமும் மணிக்கட்டைத் தூக்கும் பலமும் குறையும். சி6-சி7 அழுத்துவது ஏழாவது வேரை. நடுவிரல் மரக்கும், நாற்காலிக் கையை ஊன்றி எழும்போது முழங்கை நீட்ட வராமல் தளரும். எட்டாவது வேர் என்றால் சுண்டுவிரலும் பிடிமானமும். ஐந்தாவது என்றால் தலைசீவக் கை தூக்க முடியாது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி தணிகிறது என்று ஒருவர் சொன்னால் அது வேர் வலி என்பதற்கு நல்ல அடையாளம், ஏனென்றால் அப்படி வைக்கும்போது வேரின் இழுவிசை தளர்கிறது.

விரலும் டிஸ்க்கும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது மிக முக்கியம். ஸ்கேனில் சி5-சி6 பிதுங்கியிருந்து, மரத்துப்போவது சுண்டுவிரலாக இருந்தால் கோளாறு முழங்கையில் நரம்பு மாட்டுவதாக இருக்கலாம். இரவில் கை மரத்து விழிப்பு வந்து, உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கம் இருக்கலாம். தோள் மூட்டின் தசைநார்க் கிழிசலும் கழுத்து வலி போலவே நடிக்கும். சந்தேகம் இருந்தால் நரம்புக் கடத்தல் சோதனை எடுக்க வேண்டும். பொருந்தாத டிஸ்க்கை எவ்வளவு திறமையாக ஆபரேஷன் செய்தாலும் வலி போகாது. "ஆபரேஷன் செய்தும் குணமாகவில்லை" என்பதற்குப் பின்னால் இந்தப் பொருத்தமின்மை இருப்பது உண்டு.

தண்டுவடம் நசுங்குவது இன்னும் ஆபத்து, காரணம் அது சத்தமில்லாமல் வரும். வலியே இல்லாமலும் இருக்கும். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. கையெழுத்து மாறுகிறது. சாதம் பிசைந்து உருட்டினால் விரலிடுக்கில் நழுவுகிறது. நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுகிறது, அது கழன்றது காலுக்கே தெரிவதில்லை. மாடிப்படியில் கைப்பிடி தேவைப்படுகிறது. கழுத்தைக் குனிந்தால் முதுகுவழியே கரண்ட் அடித்த மாதிரி இறங்குகிறது. சிறுநீரை அடக்க முடியாமல் அவசரம் வருகிறது. வயதானவர் என்றால் வீட்டில் எல்லாரும் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. உள்ளங்கையைத் தரைநோக்கி நீட்டி, விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரித்து, 10 விநாடியில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். நல்ல நிலையில் 20 முறையாவது வரும். கணிசமாகக் குறைந்தாலோ, விரிக்கும்போது மணிக்கட்டு தானாக மடங்கினாலோ, சுண்டுவிரல் விலகி நின்றாலோ தாமதிக்க வேண்டாம். மருத்துவர் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும், நடுவிரல் நகத்தைச் சுண்டிக் கட்டைவிரல் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும், ஒரே கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் ஸ்கேன் படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆபரேஷன் தேதி கொடுக்கும் இடத்தில் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்.

கையில் இறங்காமல், கால் தடுமாறாமல், கழுத்து மட்டும் வலிக்கிறது என்றால் ஃப்யூஷன் நம்பத்தக்க தீர்வு இல்லை. பல டிஸ்க்குகள் தேய்ந்த கழுத்தில் வலிக்குக் காரணம் எது என்று உறுதியாகச் சுட்ட வழி கிடையாது, சுட்ட முடியாததை இணைத்துப் பயனும் இல்லை. எலும்பு முறிவு, காசநோய், கட்டி, முடக்குவாதத்தில் மேல்கழுத்து எலும்பு விலகல் ஆகியவை தனிக் கணக்கு. இரவு வலி, காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் இந்தக் கட்டுரையை வைத்து யோசிக்காமல் உடனே மருத்துவமனை போக வேண்டும்.

வேர் வலிக்குப் பொறுத்துப் பார்ப்பது

பிதுங்கி வெளியே வந்த டிஸ்க் துண்டை உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுத்துவிடும். அதிலுள்ள நீரும் வற்றும், வேரைச் சுற்றிய அழற்சியும் அடங்கும். அதனால்தான் புதிதாக வந்த வேர் வலி பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் கத்தியில்லாமலே தணிகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்த நோய் கண்ட 561 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 26 சதவீதம். கடைசியாகப் பார்த்தபோது மொத்தத்தில் 90 சதவீதம் பேருக்குத் தொல்லையே இல்லை, அல்லது லேசாக இருந்தது.

பல மாதமாக வலி நீடித்தவர்களிலும் ஒப்பீடு நடந்திருக்கிறது. ஸ்வீடனில் 81 பேரை ஆபரேஷன், பிசியோதெரபி, கழுத்துக் காலர் என மூன்று குழுக்களாகப் பிரித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். நாலு மாத அளவில் ஆபரேஷன் குழு முன்னே நின்றது. ஓராண்டில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் சீக்கிரம் நிம்மதி தருகிறது, காத்திருப்பவர்கள் பலரும் பின்னால் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். இதை இருபக்கமும் படிக்கலாம். வேலை போய்விடும் என்ற நிலையில், தூக்கமே இல்லாமல் தவிக்கும் ஒருவருக்கு அந்தச் சில மாதங்கள் சின்ன விஷயம் இல்லை.

பொறுத்துப் பார்ப்பது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. சிறுநீரகமும் வயிறும் இடம்கொடுத்தால் அழற்சி மருந்து, நரம்பு வலிக்குத் தனி மருந்து. நெதர்லாந்தில் புதிதாக வலி வந்த 205 பேரிடம் பார்த்ததில், ஓரளவு விறைப்பான காலர் 3 முதல் 6 வாரம் போட்டுக்கொண்டு ஓய்வெடுத்தவர்களுக்கும் பிசியோ செய்தவர்களுக்கும், எதுவும் செய்யாதவர்களைவிடக் கைவலி வேகமாகக் குறைந்தது. அந்தக் காலத்துக்கு மேல் காலரை நீட்டித்தால் கழுத்துத் தசை மெலியும். பிசியோவில் கழுத்தின் உள்தசைகளுக்கும் தோள்பட்டைக்கும் பயிற்சி தர வேண்டும். வெறும் ஒத்தடமும் மின்சிகிச்சையும் போதாது. தண்டுவட அழுத்தம் இருந்தால் கழுத்தை இழுக்கும் டிராக்‌ஷன் கூடவே கூடாது. முடி திருத்துமிடத்தில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதையும் அடியோடு நிறுத்துங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அதில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அமர்த்தி, இயற்கையாகக் குணமாக நேரம் வாங்கித் தரும். ஆனால் கழுத்தில் அது இடுப்பில் போடுவதைவிட ஆபத்தானது. வேர் வெளிவரும் துளைவழியே துகள் கலந்த ஸ்டீராய்டு செலுத்தும்போது தவறி ரத்தக்குழாயில் போனால் தண்டுவடத்துக்கு ரத்தம் நின்றுபோகலாம். முதுகெலும்பு ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாக நரம்புப் பாதிப்பு நேரலாம் என்று 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. போட்டுக்கொள்வதானால் எக்ஸ்ரே பார்வையில், துகள் இல்லாத டெக்ஸாமெத்தசோன்தானா என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதுவரை பொறுக்கலாம்? பலம் குறையாமல் வலியும் மரப்பும் மட்டும் என்றால் 6 முதல் 12 வாரம். கை தன் எடையை மட்டுமே தூக்குகிறது, மேலே லேசாக அழுத்தினாலே விழுந்துவிடுகிறது என்ற அளவு பலவீனம் இருந்தால், அல்லது பலவீனம் வாரத்துக்கு வாரம் கூடினால் காத்திருக்கக் கூடாது. ஆறு மாதத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனால் ஆபரேஷன் தரும் பலன் குறைகிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. பொறுமைக்கும் ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டுவடம் என்றால் கணக்கு தலைகீழ்

வேருக்குக் காலம் நண்பன் என்றால் தண்டுவடத்துக்குக் காலம் எதிரி. பல மாதம் ஒரே நிலையில் இருப்பதுபோல் தோன்றும், திடீரென ஒரு படி கீழே இறங்கும், மீண்டும் நிற்கும். இழந்த படி பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. ஆபரேஷனின் முதல் நோக்கம் மேலும் சரியாமல் நிறுத்துவது. முன்னேற்றம் பலருக்கு வரும், அதுவும் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் வரும். ஆனால் பழைய கை அப்படியே திரும்பும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

பாதிப்பை அளக்க எம்.ஜே.ஓ.ஏ. என்ற 18 மதிப்பெண் அளவுகோல் இருக்கிறது. கை வேலைக்கு 5, நடைக்கு 7, கை உணர்ச்சிக்கு 3, சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு 3. 15 முதல் 17 வரை லேசு, 12 முதல் 14 நடுத்தரம், 11 அல்லது குறைவு கடுமை. 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் ஆபரேஷனையே பரிந்துரைக்கிறது. லேசான நிலையில் ஆபரேஷனோ கண்காணிப்போடு கூடிய பயிற்சியோ இரண்டில் ஒன்று என்று விடுகிறது. உங்கள் மதிப்பெண் என்ன என்று மருத்துவரிடம் கேட்டு, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு என்பதற்கு மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து ஒப்பிட ஒரு எண் வேண்டும். லேசானது என்று காத்திருப்பவர் இரண்டு சக்கர வாகனத்தில் போகிறவர், அல்லது உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர் என்றால் ஆபரேஷன் பக்கம் தராசு சாய வேண்டும். ஏற்கெனவே ஒடுங்கிய குழாயில் இருக்கும் தண்டுவடத்துக்கு ஒரு சின்ன விழுகையே போதும், எலும்பு முறியாமலே இரண்டு கையும் விழுந்துவிடும்.

முன்பக்க ஃப்யூஷன்: என்ன செய்கிறார்கள், எது தவறும்

1958இல் ஸ்மித்தும் ராபின்சனும் விவரித்த முறைதான் இன்றைய முன்பக்க ஃப்யூஷனுக்கு அடிப்படை. மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்து மடிப்பில் 3 முதல் 4 செ.மீ. வெட்டு. ஒரு பக்கம் கழுத்துப் பெருந்தமனி, மறுபக்கம் மூச்சுக்குழலும் உணவுக்குழலும், நடுவே தசையை அறுக்காமல் விலக்கிக்கொண்டே எலும்பு வரை போகலாம். டிஸ்க்கில் ஊசி குத்தி எக்ஸ்ரே எடுத்துச் சரியான மட்டம்தானா, அதாவது ஆபரேஷன் செய்ய வேண்டிய அதே டிஸ்க்தானா என்று உறுதி செய்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியில் டிஸ்க்கை முழுதாக எடுத்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனைகளைச் சீவி, வேரையும் தண்டுவடத்தையும் விடுவிக்கிறார்கள். மேலும் கீழும் உள்ள எலும்பின் குருத்தை ரத்தம் கசியும் வரை சுரண்டி, எலும்புத் துணுக்கு நிரப்பிய கேஜைச் செருகி, பிளேட்டை நான்கு ஸ்க்ரூவால் பொருத்துகிறார்கள். ஒரு மட்டத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். மருத்துவமனையில் ஒன்று முதல் மூன்று நாள்.

இதில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பின்னால் பேசும். எலும்பு முகப்பை அளவுக்கு மீறிக் கடைந்தால் கேஜ் உள்ளே புதையும். தேவைக்கு மேல் உயரமான கேஜைத் திணித்தால் பின்பக்கச் சிறு மூட்டுகள் விரிந்து புதிதாகக் கழுத்து வலி வரும். பிளேட்டின் விளிம்பு அடுத்த டிஸ்க்குக்கு 5 மி.மீட்டருக்குள் நெருங்கினால் அங்கே எலும்பு வளரும் வாய்ப்பு கூடும். ஆபரேஷனுக்குப் பிந்தைய பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இந்த இடைவெளியை நீங்களே பார்க்கலாம்.

மிகுதியாக வரும் தொல்லை விழுங்குவதில் சிரமம். முதல் வாரங்களில் அது சகஜம். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலோருக்குத் தணியும், சிலருக்கு நிற்கும். இரண்டு மூன்று மட்டங்கள் செய்தால், முதியவராக இருந்தால் கூடும். பிளேட் இல்லாமல் கேஜோடு சேர்ந்த ஸ்க்ரூ உள்ள வகையில் இது குறைவாக இருக்கும் என்பதால் ஒரு மட்டத்துக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம். குரல் நரம்பு இழுபட்டால் குரல் கம்மும், பெரும்பாலும் மீளும். ஆனால் முன்பே தைராய்டு ஆபரேஷனோ கழுத்தின் முன்பக்க ஆபரேஷனோ நடந்திருந்தால், காது-மூக்கு-தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்த்த பிறகுதான் எந்தப் பக்கம் வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் ஏற்கெனவே செயலிழந்திருப்பது தெரியாமல் மறுபக்கமும் கெட்டால் மூச்சே அடைபடும். உணவுக்குழல் கிழிவது அரிது, நேர்ந்தால் கடுமை.

எலும்பு கூடாமல் போவது இன்னொன்று. இணைப்பு முழுமையாக மூன்று மாதம் முதல் ஓராண்டு ஆகும். மட்டங்கள் கூடக் கூடத் தோல்வி கூடும். புகையிலை அதைத் தெளிவாகக் கூட்டும், காரணம் நிகோட்டின் புது எலும்புக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்குகிறது. பீடி, சிகரெட் மட்டுமில்லை, மெல்லும் புகையிலையும் நிகோட்டின்தான். எலும்பை வேகமாக வளர்க்கும் பி.எம்.பி. என்ற புரதத்தைக் கழுத்தின் முன்பக்கம் வைத்ததில் தொண்டை வீங்கி உயிராபத்து வந்ததால் 2008இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. இடுப்பு எலும்பிலிருந்து சொந்த எலும்பு எடுத்தால் நன்றாகக் கூடும், ஆனால் எடுத்த இடம் மாதக்கணக்கில் வலிக்கலாம்.

ஃப்யூஷனுக்கு எதிராக அதிகம் பேசப்படுவது பக்கத்து டிஸ்க் கெடுவது. 1999இல் வந்த, 374 பேரைத் தொடர்ந்த ஆய்வில் ஆண்டுக்கு 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து மட்டத்தில் புதுத் தொல்லை வந்தது, பத்து ஆண்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு. அவர்கள் எல்லாருக்கும் மறு ஆபரேஷன் தேவைப்படவில்லை. அதே ஆய்வில் பல மட்டங்களை இணைத்தவர்களைவிட ஒரு மட்டம் இணைத்தவர்களுக்கே இது கூடுதலாக இருந்தது. எளிதில் தேயும் சி5-சி6, சி6-சி7 இரண்டில் ஒன்று இணைப்புக்குப் பக்கத்தில் இணைக்கப்படாமல் மிஞ்சி நிற்பதுதான் காரணம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். ஆகவே பக்கத்து டிஸ்க் கெடுவதில் இயற்கையான தேய்மானத்துக்கும் பங்குண்டு. பழியை முழுதாக பிளேட் மேல் போட முடியாது.

அசைவு போய்விடுமே என்ற பயம் ஒரு மட்டத்தைப் பொறுத்தவரை தேவைக்கு மேல் பெரிதாக்கப்படுகிறது. தலையை இடவலமாகத் திருப்புவதில் பாதி முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே நடக்கிறது, இந்த ஆபரேஷன் அங்கே போவதில்லை. சி5-சி6 ஒன்றை மட்டும் இணைத்தால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. மூன்று, நான்கு மட்டங்கள் என்றால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் விட்டத்தை அண்ணாந்து பார்க்கும்போதும் தெரியும்.

இணைக்காமல் விடுவிப்பது

செயற்கை டிஸ்க் வைப்பது முதல் மாற்று. அதே முன்பக்க வழி, கேஜுக்குப் பதில் அசையும் டிஸ்க். 2007இல் பிரெஸ்டீஜ், புரோடிஸ்க்-சி என்ற இரண்டு செயற்கை டிஸ்க்குகளுக்கும் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. 2013இல் மோபி-சிக்கு இரண்டு மட்டங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அனுமதிக்காக நடந்த பெரிய ஆய்வுகளில் ஏழு, பத்து ஆண்டுகளில் மறு ஆபரேஷன் குறைவாக இருந்தது. அவற்றுக்குப் பணம் கொடுத்தவை தயாரிப்பு நிறுவனங்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நெதர்லாந்தில் 109 பேருக்குச் செயற்கை டிஸ்க், கேஜ், எதுவும் வைக்காமல் டிஸ்க்கை மட்டும் எடுப்பது என மூன்றையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டில் மூன்றும் ஒன்றாகவே இருந்தன. எங்கள் மதிப்பீட்டில், ஐம்பது வயதுக்குக் கீழ், ஒரு மட்டத்தில் மெத்தென்ற டிஸ்க் பிதுக்கம், அந்த மட்டம் நன்றாக அசைகிறது, பின்மூட்டுகள் தேயவில்லை என்பவருக்கு இது நல்ல தேர்வு. டிஸ்க் உயரம் வற்றிப்போய் அசைவே இல்லாத மட்டத்தில் அசையும் பொருளை வைத்து அர்த்தமில்லை. எலும்பு அடர்த்தி குறைந்தவர், எலும்பு முன்பின் நழுவுபவர், கழுத்து முன்னால் கூனியவர், உலோக ஒவ்வாமை உள்ளவர் தவிர்க்க வேண்டும். சிலருக்கு ஆண்டுகள் போகப் போகச் சுற்றிலும் எலும்பு வளர்ந்து செயற்கை டிஸ்க்கும் இறுகிவிடும். கேஜைவிட விலை மிகக் கூடுதல் என்பதால் காப்பீட்டின் முன் அனுமதிக் கடிதத்தில் உள்வைப்புக்கான உச்சவரம்பைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது மாற்று, பின்பக்கமாக வேர்த் துளையை அகலப்படுத்துவது. இதற்குரிய கவனம் கிடைப்பதில்லை என்பது எங்கள் வருத்தம். பின்னால் 2 செ.மீ. அளவில் வெட்டி, சிறு மூட்டின் உள்பாதிக்கு மேல் போகாமல் எலும்பைச் சீவி வேரை விடுவிக்கிறார்கள். கேஜ் இல்லை, பிளேட் இல்லை, அசைவு மிஞ்சுகிறது, தொண்டைக்குத் தொல்லை இல்லை. 265 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2023இல் வெளியான ஒப்பீட்டில் ஓராண்டு முடிவில் முன்பக்க ஃப்யூஷனுக்கு இது குறைந்ததாக இல்லை. ஒரு கையில் வலி, பக்கவாட்டில் ஒதுங்கிய பிதுக்கம் அல்லது துளை ஒடுக்கம், தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை என்றால் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பிதுக்கம் நடுவில் இருந்தால் பொருந்தாது, தண்டுவடத்தை ஒதுக்கித்தான் அங்கே போக முடியும். தசையை விலக்குவதால் முதல் வாரங்களில் கழுத்து வலி கூடுதலாக இருக்கும். பாதி மூட்டுக்கு மேல் எடுத்தால் அந்த மட்டம் தளரும்.

தண்டுவடம் மூன்று நான்கு மட்டங்களில் நசுங்கியிருந்தால் பின்பக்க லாமினோபிளாஸ்டி ஒரு வழி. ஜப்பானில் 1970களில் உருவானது. பின்பக்க எலும்பு வளையத்தை ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் பாதியாகவும் அறுத்து, கதவைத் திறப்பதுபோல் திறந்து, சின்னப் பிளேட்டுகளால் நிறுத்திவிடுவார்கள். தண்டுவடம் பின்னால் நகர்ந்து விடுபடும். கழுத்தின் இயல்பான முன்வளைவு இருந்தால்தான் அப்படி நகரும். கூனிய கழுத்தில் நகராது, அங்கே முன்பக்கமோ, பின்னால் ஸ்க்ரூ, கம்பி வைத்த ஃப்யூஷனோதான். வட அமெரிக்காவில் 163 பேரை முன்பக்கம், பின்பக்கம் என்று பிரித்த ஆய்வு 2021இல் வந்தது. ஓராண்டில் உடல்நலத்தில் இரண்டும் சமம். சிக்கல்கள் முன்பக்கத்தில் 48 சதவீதம், பின்பக்கத்தில் 24. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் விழுங்கும் சிரமம். பின்பக்கத்தில் தொண்டை தப்பும், ஆனால் காயத் தொற்றும், கழுத்துத் தசை வலியும், ஐந்தாவது வேர் செயலிழப்பும் கூடுதல்.

தண்டுவடத்துக்கு முன்னால் உள்ள நீள் தசைநார் எலும்பாக இறுகும் நோய் இருந்தால் எம்.ஆர்.ஐ. போதாது, சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அந்த எலும்பு தண்டுவட உறையோடு ஒட்டியிருக்கும். அதை முன்பக்கமாகப் பிய்த்தெடுத்தால் உறை கிழிந்து தண்டுவட நீர் கசியும். சி2, சி7 இரண்டு இடங்களிலும் தண்டுவடக் குழாயின் நடுப்புள்ளிகளைச் சேர்த்துப் பக்கவாட்டுப் படத்தில் ஒரு கோடு போடுவார்கள். எலும்பு அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் லாமினோபிளாஸ்டி போதும். தாண்டினால் அது மட்டும் கைகொடுக்காது.

செய்துகொள்வது என்று முடிவானால்

குறைந்தது ஆறு வாரம் முன்பே புகையிலையை நிறுத்தி, எலும்பு கூடும் வரை தொடாதிருக்க வேண்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுச் சரிசெய்வது நல்லது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவானாலும் சொல்லிவிடுங்கள். தண்டுவட அழுத்தம் உள்ளவருக்கு மயக்கம் கொடுத்துக் குழாய் செருகும்போது கழுத்தைப் பின்னால் வளைக்கக் கூடாது. மயக்க மருத்துவரைத் தனியே சந்தித்து, கழுத்தை எந்த அளவு சாய்த்தால் கையில் மின்னல் ஓடுகிறது என்பதைக் காட்டிவிட வேண்டும்.

முன்பக்க ஆபரேஷன் முடிந்த முதல் 24 மணி நேரம் கூட இருப்பவர் விழித்திருக்க வேண்டும். கழுத்து உப்பி இறுகுவது, மூச்சு வாங்குவது, படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் துடிப்பது, எச்சில் விழுங்க முடியாமை ஆகியவை உள்ளே ரத்தம் கட்டுவதன் அறிகுறி. நிமிடங்களில் மூச்சு அடைக்கும். ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் படுக்கையிலேயே தையலைப் பிரிக்க வேண்டிய அவசரம் அது. நர்ஸை உரக்கக் கூப்பிடுங்கள், "காலைல டாக்டர் வரட்டும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் குழைந்த சாதம், ரசத்தில் ஊறிய இட்லி, கஞ்சி போன்றவற்றை நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சின்ன வாயாகச் சாப்பிட வேண்டும். அடிக்கடி புரையேறினாலோ காய்ச்சலோடு கழுத்துத் தோலின் கீழ் காற்று நெறுநெறுத்தாலோ உடனே திரும்பிப் போக வேண்டும். சில நாளில் தோளைத் தூக்க முடியாமல் போனால் அது ஐந்தாவது வேர் தளர்வு. பெரும்பாலும் மாதங்களில் மீளும், ஆனாலும் உடனே காட்ட வேண்டும். ஆறு வாரத்துக்கு 3 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் 10 கிலோவைத் தாண்டும். ஒரு மட்டத்துக்குப் பிளேட் வைத்திருந்தால் காலர் பெரும்பாலும் தேவையில்லை. அழற்சி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிப் போட வேண்டாம், எலும்பு கூடுவதை அவை தாமதப்படுத்தலாம் என்பதால் பல மருத்துவர்கள் சில வாரம் நிறுத்தச் சொல்வார்கள்.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த குறுவட்டு, குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரே, எந்த விரல் எப்போதிலிருந்து மரக்கிறது என்று தேதியிட்ட குறிப்பு மூன்றும் வேண்டும். முதல் மருத்துவர் என்ன சொன்னார் என்பதைப் பரிசோதனை முடியும்வரை சொல்லாமல் இருங்கள். இருவரும் ஒரே மட்டத்தை, ஒரே பக்கத்தைச் சுட்டினால் அடுத்த கேள்வி எந்த முறை என்பது மட்டும்தான். வெவ்வேறு மட்டத்தைச் சுட்டினால் ஆபரேஷன் தேதியை எடுக்கும் முன் நரம்புக் கடத்தல் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.